மூன்றாம் மாடி இடுக்கு

அந்த மருத்துவமனையில் அவளை யாரும் இன்ஜினியர் என்று சொன்னதில்லை. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் இடுக்கம்மா. சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். அவளுக்கும் தெரியும். "கூப்பிட்டுட்டுப் போகட்டும். அதுக்குள்ள எதையும் போடாம இருந்தா சரி" என்பாள்.

பெயர் வந்த கதை இதுதான். அந்த மருத்துவமனை ஒரு கட்டடமல்ல, இரண்டு. பழைய கட்டடத்தில் பிரசவ அறையும் ஆப்பரேஷன் தியேட்டரும். அதை ஒட்டிப் பின்னால் எழுப்பிய உயரமான புதுக் கட்டடத்தில் வார்டுகள்; அதன் மூன்றாம் மாடியில் பச்சிளங்குழந்தைகள் வார்டு. 'ஒட்டி' என்று சொல்வதெல்லாம் பார்ப்பவர் கண்ணுக்குத்தான். உண்மையில் இரண்டும் தொட்டுக்கொள்ளவே இல்லை. அடித்தளத்திலிருந்து கூரை வரை நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு இடுக்கு விட்டிருந்தார்கள். நிலம் ஆடுகிற ஊர் அது. ஆடும்போது குட்டைக் கட்டடம் ஒரு தினுசாகவும் நெட்டைக் கட்டடம் ஒரு தினுசாகவும் ஆடும். நடுவில் இடம் இருந்தால் அதனதன் பாட்டுக்கு ஆடிவிட்டு நிற்கும். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று முட்டி உடைத்துக்கொள்ளும். கூட்டமான பேருந்தில் நின்றுகொண்டு போனவர்களுக்கெல்லாம் இது புரியும். புரிந்தது ஞாபகத்தில் நிற்பதுதான் இல்லை.

இடுக்கை மூட ஒவ்வொரு மாடியிலும் ஓர் இரும்புத் தகடு. அதன் ஒரு விளிம்பு மட்டும் தரையோடு திருகப்பட்டிருக்கும். மறு விளிம்பு சும்மா கிடக்கும், கட்டடம் ஆடினால் வழுக்கிப் போய் வருவதற்காக. தள்ளுவண்டி அதில் ஏறி இறங்கினால் 'டடக்' என்று ஒரு சத்தம். ஆக்சிஜன் குழாயும் இடுக்கைத் தாண்டும் இடத்தில் மட்டும் விறைப்பாக இருக்காது. வளையக்கூடிய குழல் ஒன்றைச் சுவரோரம் தொங்கலாக விட்டிருப்பார்கள், கட்டடத்தோடு சேர்ந்து அதுவும் நீண்டு சுருங்கட்டும் என்று.

இந்த ஒரு சாண் இடத்தைக் காலியாக வைத்திருப்பதற்குள் இடுக்கம்மாவுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. மனிதர்களுக்குக் காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? தரைத்தளத்தில் உடைந்த நாற்காலி, பழைய மெத்தை, விளம்பரப் பலகை என்று எதையாவது கொண்டுவந்து செருகுவார்கள். மேலே இருந்து டீ குடித்த காகிதக் கோப்பை விழும், பஞ்சு விழும், ஒற்றைச் செருப்பு விழும். நீளமான கொக்கிக் கம்பி ஒன்றை வைத்துக்கொண்டு அவளே நின்று வெளியே இழுப்பாள். ஒருமுறை எலும்பு டாக்டர் ஒருவர் கைப்பேசியை உள்ளே தவறவிட்டுவிட்டு, "இப்படி ஓட்டை விட்டா கட்டுவாங்க கட்டடத்தை?" என்று அவளிடமே சண்டைக்கு வந்தார். அவள் கம்பியை விட்டு ஆழம் பார்த்தபடியே, "உங்க முட்டியில ஓட்டை இல்லாமலா சார் நீங்க கால மடக்குறீங்க?" என்று கேட்டாள். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் அதற்கப்புறம் அவளோடு பேசவே இல்லை.

அவளுடைய வாய் அப்படிப்பட்டது. நயமாகச் சொன்னால் கேட்கக்கூடியவர்களிடமும் சுள்ளென்றுதான் சொல்வாள். கரடியாகக் கத்துவாள். கத்திக் கத்தியே அந்த இடுக்கை ஊருக்கு வேடிக்கையாக்கிவிட்டாள் என்று சொல்பவர்களும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

அவள் குரல் எடுபடாத ஒரே இடம் அக்காவிடம். அக்கா அதே மருத்துவமனையில், அதே மூன்றாம் மாடியில், பச்சிளங்குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ்.

அம்மா போனபோது இடுக்கம்மா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா இருந்தும் இல்லாத மாதிரி. நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்த அக்கா, அதை அப்படியே மூட்டை கட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். தங்கைக்குத் தலை வாரிவிட்டதும், விடுதியில் கொண்டுபோய் விட்டதும், கல்லூரி வாசலில் நின்று அழுததும் அக்காதான். கல்யாணம் பண்ணி வைத்ததும் அவள்தான். தான் கல்யாணம் செய்துகொள்ள மறந்ததும் அந்த அவசரத்தில்தான். இவ்வளவும் செய்தவள் அதைச் சொல்லிக்காட்டாமல் இருந்திருந்தால் தெய்வமாகியிருப்பாள். அக்கா மனுஷிதான். "உன்னைப் படிக்க வெச்சவ நான்" என்று கறிகாய் நறுக்கும்போது சொல்வாள், கடைக்குப் போகும்போது சொல்வாள், தங்கை வீட்டுத் திரைச்சீலையின் நிறம் பிடிக்காவிட்டாலும் சொல்வாள். அதைச் சொன்ன பிறகு தங்கையால் பதில் பேச முடியாது என்று இருவருக்குமே தெரியும்.

அக்காவின் வார்டைப் பார்த்தால் யாரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார்கள். அவ்வளவு சுத்தம். கைப்பிடி அளவுக் குழந்தைகள், மாதம் நிறையாமல் பிறந்தவை, கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கும். ஒரு தூசி, ஒரு ஈ, ஒரு அதட்டல் எதையும் அக்கா உள்ளே விடமாட்டாள். அவளுக்குத் தீராத எரிச்சல் இரண்டு. ஒன்று அந்தத் தகடு. தியேட்டரிலிருந்து குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியோடு தள்ளிக்கொண்டு வரும்போது 'டடக்' என்று ஏறி இறங்கும். உள்ளே அந்தப் பூஞ்சை உடம்பு தூக்கிவாரிப் போடும். இன்னொன்று சுவரோரம் தொங்கும் அந்த ஆக்சிஜன் குழல். அதன் மடிப்பு மடிப்பான உடம்பில் சேரும் தூசியை என்ன துடைத்தாலும் போகாது.

"ஏன்டி, இதை ஒரு பூச்சு பூசி சமமாக்கினா என்ன குடிமுழுகிப் போயிடும்?" என்று கேட்பாள்.

"அக்கா, ஆயிரம் தடவ சொல்லிட்டேன். அது ஆடணும்."

"எப்பவோ வரப்போற ஆட்டத்துக்காக என் பிள்ளைங்க தினம் தினம் ஆடணுமா?"

இதற்கு இடுக்கம்மாவிடம் பதில் இருந்தது: தகட்டின் விளிம்பைச் சரிவாக இழைத்து மாற்றினால் வண்டி குலுங்காது. மாற்றித் தருகிறேன் என்று சொல்லியும் இருந்தாள். ஆனால் மேலிடத்தில் கேட்க வேண்டும், வாங்க வேண்டும், ஆள் வர வேண்டும். அந்த வேலை அப்படியே இழுத்துக்கொண்டு கிடந்தது. அக்காவின் பக்கம் நியாயமே இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

அப்போதுதான் அவளை வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். என்ன பயிற்சி தெரியுமா? நிலநடுக்கத்தின்போது மருத்துவமனைகளைப் பாதுகாப்பது எப்படி. குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, கட்டடம் நின்றால் மட்டும் போதாது, உள்ளே வைத்தியம் நடக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். கதவு திறக்க வேண்டும், குழாய் உடையக் கூடாது, ஜெனரேட்டர் ஓட வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பெருமையோடு சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

திரும்பிய அன்று மூன்றாம் மாடி நடையில் அவளுக்கு எதிரே ஒரு தள்ளுவண்டி வந்தது. அவளைத் தாண்டிப் போனது. நாலடி நடந்த பிறகுதான் உறைத்தது: சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தாள். தகட்டைக் காணோம். இரண்டு கட்டடத் தரைக்கும் குறுக்கே வழவழவென்று புது ஓடு பதித்திருந்தது. சுவரில் இருந்த இடைவெளியையும் சிமெண்டு வைத்து அடைத்து, அந்தக் குழலை உள்ளே புதைத்து, மேலே வெள்ளை வண்ணம் அடித்திருந்தார்கள். கொத்தனார் நல்ல கைக்காரர். எங்கே ஒட்டுப்போட்டார் என்றே தெரியவில்லை.

"யாரு செஞ்சது இது?" நடை முழுவதும் எதிரொலித்தது.

அக்கா வார்டிலிருந்து வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினாள். "கத்தாதே. உள்ள பிள்ளைங்க தூங்குது. நான்தான் செய்யச் சொன்னேன்."

"யாரைக் கேட்டு?"

"பெரிய டாக்டரைக் கேட்டேன். 'உங்க வார்டு, உங்களுக்குத் தெரியாததா'ன்னாரு. கீழ வண்டி நிறுத்துற இடத்துல வேலை செஞ்சிட்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டேன். ரெண்டே நாள். எவ்வளவு அழகா இருக்கு பாரு."

இடுக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெரிய டாக்டரிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "ஒரு மாடிதானே? பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். அவள் கீழே போய் ஆளையும் சம்மட்டியையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வந்தாள். அக்கா நடைக்குக் குறுக்கே நின்றாள்.

"உடைக்கப் போறியா? உடை. சிமெண்டுத் தூசி எங்கே போகும்? நேரா இந்தக் கதவுக்குள்ளதான் போகும். உள்ள ஒண்ணு நேத்துதான் பொறந்திருக்கு, ரெண்டு கையில அடங்கும். அதோட நெஞ்சுல போகட்டும் உன் தூசி."

"வார்டை வேற மாடிக்கு மாத்திக் குடு. ஒரு வாரத்துல முடிச்சிடறேன்."

"எங்கே மாத்துறது? வாயைத் திறந்தா ஆச்சா?" அப்புறம் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "உன்னைப் படிக்க வெச்சவ நான். இத்தனை பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தத்தான் படிச்சியா நீ?"

சம்மட்டிக்காரர் இவள் முகத்தைப் பார்த்தார். இவள் சுவரைப் பார்த்தாள். வெள்ளையடிப்புக்காக வார்டைக் காலி செய்யும்போது உடைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. முடிவு செய்தது யார் என்று கேட்டால் யாரும் இல்லை. வாயாடி என்று பேரெடுத்தவள் அன்று வாயை மூடிக்கொண்டு படியிறங்கினாள்.

பச்சிளங்குழந்தைகள் வார்டு என்றைக்குக் காலியாகியிருக்கிறது? ஒன்று வீட்டுக்குப் போனால் இரண்டு வரும். வெள்ளையடிப்பு தள்ளிப்போனது, பிறகு இன்னும் தள்ளிப்போனது. ஆரம்பத்தில் தினமும் மூன்றாம் மாடி ஏறிப் பார்த்தவள், பிறகு எப்போதாவது ஏறினாள், பிறகு அந்தப் பக்கம் போவதையே தவிர்த்தாள். மற்ற மாடிகளில் மட்டும் முன்னைவிட மூர்க்கமாகக் கம்பியை விட்டுக் குப்பை எடுத்தாள்.

நிலம் ஆடிய அன்று நல்ல மத்தியான வெயில். பார்வையாளர்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வந்துகொண்டிருந்த நேரம். இடுக்கம்மா ஜெனரேட்டர் அறையில் இருந்தாள். முதலில் ஒரு உறுமல். லாரி ஏதோ வருகிறது என்றுதான் நினைத்தாள். பிறகு தரை காலடியிலிருந்து நழுவியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடும் சத்தம். அவள் வாயில் வந்தது ஒரே வார்த்தை: "மூணாவது மாடி."

ஆட்டம் நின்றது. கட்டடமும் நின்றது. ஒரு தூண் விழவில்லை, ஒரு தளம் இறங்கவில்லை. ஜெனரேட்டர் ஓடியது. முதல் மாடியில் தகடு வழுக்கிப் போய்த் திரும்பிவந்து, தரையில் ஒரு கீறலோடு தன் இடத்தில் கிடந்தது. இரண்டாம் மாடியிலும் அப்படியே. பதறி ஓடியவள் அதையெல்லாம் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே படியேறினாள்.

மூன்றாம் மாடியில் இரண்டு கட்டடங்களும் அந்தச் சிமெண்டை நடுவில் வைத்து மாறி மாறி இடித்திருந்தன. ஓடுகள் குத்திட்டு நின்றன. தரை மேடாகிக் கிளம்பி நடைக் கதவை அடியிலிருந்து கவ்விப் பிடித்திருந்தது. சுவர் பிளந்து, உள்ளே புதைத்த குழல் இரண்டாகப் பிய்ந்து, ஆக்சிஜன் உஸ்ஸென்று வெளியே போய்க்கொண்டிருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் பழைய கட்டடம். மாற்று சிலிண்டர்கள் இங்கே. அந்தப் பக்கம் அக்காவும் குழந்தைகளும். புதுக் கட்டடத்தின் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. அந்தப் பக்கத்துப் படிக்கட்டில் மேல்மாடி நோயாளிகளைச் சுமந்துகொண்டு ஒரு கூட்டமே இறங்கிக்கொண்டிருந்தது.

இடுக்கம்மா குழாயின் வால்வை அடைத்தாள். கதவை உதைத்தாள். சம்மட்டி கேட்டுக் கத்தினாள். சம்மட்டி வந்தது, அதே சம்மட்டி. கதவைப் பிளந்து சிலிண்டரை உருட்டிக்கொண்டு உள்ளே போனபோது, அக்கா இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மண்டியிட்டு, ஒரு கையில் ஒன்றாக, மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பைகளை அழுத்திக்கொண்டிருந்தாள். மற்ற நர்ஸுகளும் அப்படியே. பை அழுத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு குழந்தை போய்விட்டது. இருப்பதிலேயே சின்னது. அதற்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை.

அக்கா இரண்டு கையாலும் மூச்சுக் கொடுத்ததை யாரோ படமெடுத்திருந்தார்கள். மறுநாள் செய்தித்தாள்களில் முதல் பக்கத்தில் அதுதான். குழந்தைகளின் தாய் என்று எழுதினார்கள். பொய்யில்லை. அவள் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை போயிருக்குமோ.

பிறகு விசாரணை வந்தது. வெளியூரிலிருந்து வந்த மூன்று அதிகாரிகள் பெரிய டாக்டரின் அறையில் உட்கார்ந்தார்கள். பெரிய டாக்டர் முதலிலேயே கை கழுவிவிட்டார்: "கட்டட விஷயம் எல்லாம் மேடம்தான் பார்க்குறாங்க. எனக்கு என்ன தெரியும்?" கொத்தனார் வேலை முடிந்து எங்கோ போய்விட்டிருந்தார். அவரைத் தேட யாரும் மெனக்கெடவில்லை.

"இடுக்கை அடைச்சது யாரு சொல்லி?" என்று அதிகாரி கேட்டார்.

சாட்சி சொல்ல வந்த அக்கா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். பை அழுத்தி அழுத்தி மணிக்கட்டு வீங்கிக் கட்டுப் போட்டிருந்தாள். இடுக்கம்மா அவளைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தாள். 'அடைக்கச் சொன்னது நான்தான், வேண்டாம் என்று என் தங்கை கத்தினாள்.' இவ்வளவுதானே? அக்கா தன் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் ஒன்று பிரிந்திருந்ததை மெதுவாக உள்ளே செருகினாள்.

இடுக்கம்மா சொன்னாள்: "கட்டடம் என் பொறுப்பு."

"அடைச்சது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் விட்டு வெச்சிருந்தீங்க?"

"விட்டு வெச்சிருந்தேன்."

ஒவ்வொரு பதிலும் உண்மைதான். அக்கா வாயே திறக்கவில்லை.

வெளியே பெஞ்சில் குழந்தையின் அப்பா உட்கார்ந்திருந்தார். மோட்டார் மெக்கானிக். நகக்கண்ணில் கறுப்பு. இவள் வெளியே வந்ததும் எழுந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தாள், அடித்திருந்தால் தேவலை. அவர் கேட்டார்: "அந்த இடுக்கைக் காலியா வெச்சிருக்கிறதுதான் உங்க வேலையேன்னு சொல்றாங்களே, அப்படியா மேடம்?"

"ஆமா."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவளை மருத்துவமனையிலிருந்து எடுத்து ஊருக்கு வெளியே ஒரு பண்டகசாலையில் போட்டார்கள். பழைய கட்டில்களுக்கும் துருப்பிடித்த அலமாரிகளுக்கும் காவல். வீட்டில் கணவன் இரண்டொரு முறை, "நடந்ததைச் சொல்லிடேன், உனக்கென்ன தலையெழுத்தா?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அக்காவுக்குப் பாராட்டு விழா நடந்தது. மேடையில் பூங்கொத்து கொடுத்தார்கள். பெரிய டாக்டர் பேசினார், எங்கள் கட்டடம் அசையாமல் நின்றது என்று. அசைந்ததால்தான் நின்றது, அதைச் சொல்ல வேண்டியவள் பண்டகசாலையில் கட்டில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இவளும் கேட்டதில்லை. இன்றைக்குச் சொல்வாள், இன்றைக்குச் சொல்வாள் என்று ஒவ்வொரு வாரமும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். மன்னிப்புக்கூட வேண்டாம். "நான்தான்டி" என்று ஒரு சொல், இவளுடைய சமையலறைக்குள், இவள் காதுக்கு மட்டும். அவ்வளவுதான் கேட்டது அந்த மனசு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "மூணாவது மாடியைத் திறந்துட்டாங்க. மறுபடியும் தகடு போட்டாச்சு."

இடுக்கம்மா நிமிர்ந்தாள். இதோ வருகிறது என்று நினைத்தாள்.

"மறுபடியும் டடக் டடக். பிள்ளைங்க துள்ளித் துள்ளி விழுது. அந்தக் குழலும் பழையபடி தொங்குது, தூசியை வாங்கிக்கிட்டு." அக்கா ஒரு வாய் குடித்தாள். "புது இன்ஜினியர் உன்னை மாதிரி இல்லடி, பணிவான ஆளு. என் மேல ரொம்ப மரியாதை. மெதுவா எடுத்துச் சொன்னா கேட்டுப்பாரு. கொஞ்சமா, தரையை மட்டும்..."

இடுக்கம்மா எழுந்தாள். அடுப்புப் பக்கம் போய் நின்றாள். பிறகு கைப்பேசியை எடுத்து, அவ்வப்போது சந்தேகம் கேட்டு அழைக்கும் அந்தப் புது இன்ஜினியரின் எண்ணைப் போட்டாள்.

"தம்பி, நான்தான் பேசுறேன். மூணாவது மாடி இடுக்குல கை வைக்கச் சொல்லி யார் வந்தாலும் விடாதீங்க. குழந்தைங்க வார்டு ஹெட் நர்ஸ் வந்தாலும் விடாதீங்க."

மறுமுனையில் அவர் ஏதோ கேட்டார்.

"ஆமா, எங்க அக்காதான். போன தடவ அடைக்கச் சொன்னது அவங்கதான். தெரிஞ்சும் உடைக்காம விட்டது நான். யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க. நானும் சொல்லப் போறேன். முதல்ல அந்தத் தகட்டு விளிம்பைச் சரிவா இழைச்சுக் குடுங்க, வண்டி குலுங்காது. நான் தள்ளிப்போட்ட வேலை அது."

அக்கா தம்ளரைக் கீழே வைத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. வீங்கிய மணிக்கட்டு பழையபடி சரியாகவில்லை. அதை மறுகையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைப் படிக்க வெச்சவடி நான்" என்றாள்.

"அதுக்காகத்தான் அக்கா அன்னைக்கு சம்மட்டியைக் கீழே போட்டேன்" என்றாள் தங்கை. "ஒரு குழந்தை செத்துப் போச்சு."

அக்கா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள். ஒன்று கிடைத்தது, இன்னொன்று அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே போயிருந்தது. இடுக்கம்மா குனிந்து அதை எடுத்து அவள் காலருகே வைத்தாள். அக்கா போட்டுக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.